கடை தேர்ந்து வாங்கும் கல்வி

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேச வருகின்ற ஒரு தலைமையாசிரியர் உயர்கல்வியைப் பற்றியோ, அரசுத் தேர்வுகளைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ மிகச் சிறியது. ஒரு கிலோ பருப்பை எந்தக் கடையில் வாங்குவது, எப்படி வாங்குவது என்பதைப் பற்றியே பேசப் போகிறேன். “இதைச் சொல்ல ஒரு வாத்தியார் வேண்டுமா? நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா?” என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சற்றே பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன். நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, எடை பார்த்து வாங்குவது மற்றவர்களுக்குச் சிக்கனம் என்ற ஒரு குணம். நமக்கோ அது நம் பெற்றோருக்குக் கிடைக்காத ஓர் உரிமை. கிடைத்த உரிமையைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் அது கிடைத்தும் கிடைக்காதது போலத்தான்.

நம் முன்னோரும் கடையும்

காவிரி பாயும் இந்தத் தஞ்சைத் தரணியில் பண்ணையாட்களாக உழைத்த நம் முன்னோருக்குக் கூலி பெரும்பாலும் காசாகக் கிடைக்கவில்லை, நெல்லாகக் கிடைத்தது. அந்த நெல்லை அளந்த மரக்கால் பண்ணையாருடையது. வாங்குவதற்கு ஒரு மரக்காலும் கொடுப்பதற்கு ஒரு மரக்காலும் வைத்திருந்த வீடுகள் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெற்ற நெல்லைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனால், அங்கே அளக்கும் படி கடைக்காரருடையது. நெல்லுக்கு விலை சொல்பவரும் அவரே; அதற்கு ஈடாக அவர் தரும் உப்புக்கும் புளிக்கும் மிளகாய்க்கும் விலை சொல்பவரும் அவரே. ஒரு கூலி நெல் மூன்று கைகளில் மூன்று முறை குறைந்த பிறகே குழம்பாக நம் வீட்டுக்கு வந்தது.

பண்ணையாள் பாதுகாப்புக்கென 1952-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துக்கு ஓர் அவசரச் சட்டம் வேண்டியிருந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து போயின. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவு அது. அரைப்படி நெல் என்பது எவ்வளவு பெரியது என்பதை, இளைஞர்களே, நீங்கள் அந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். அளவு, விலை, எடை ஆகிய சொற்கள் நம் வரலாற்றில் சிறிய சொற்கள் அல்ல.

என் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகள். எங்கள் ஊரில் இருந்தது ஒரே மளிகைக் கடை. நாங்கள் திண்ணைக்குக் கீழே, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். ஊர்த்தெருவார் எல்லாரும் வாங்கிச் சென்ற பிறகே எங்கள் முறை வரும். காசைத் திண்ணை ஓரத்தில் வைக்க வேண்டும். பொட்டலம் மேலிருந்து வந்து விழும். அந்தக் கடையின் தராசு முள்ளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் நிற்க வேண்டிய இடத்திலிருந்து தராசே தெரியாது. எடை சரியா என்று கேட்கும் எண்ணம் எனக்கு எப்படி வரும்?

ஒரு குறுவை அறுவடையின்போது என் தாயார், கூலியாகக் கிடைத்த நெல்லை அந்தக் கடையில் போடாமல், தலைச்சுமையாகத் திருவையாற்றுக் கடைத்தெருவுக்குக் கொண்டு சென்றார். அங்கே இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து விற்றார். கிடைத்த காசில் மளிகையும் வாங்கி, எனக்குத் தீபாவளிச் சட்டைத் துணியும் எடுத்து, மிச்சமும் வைத்திருந்தார். அன்று இரவு எங்கள் வீட்டில் நிலவிய மகிழ்ச்சி இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் செய்தி கடைக்குப் போய்விட்டது. அடுத்து அடைமழைக் காலம் வந்தது. வயல் வேலை இல்லை. கையில் காசும் இல்லை. கடனுக்கு உப்பு கேட்கப் போன என் தாயாருக்கு, “நெல்லை எங்கே போட்டாயோ அங்கேயே போய்க் கேள்” என்ற பதில் கிடைத்தது. என் தகப்பனார் கை கட்டி நின்று மன்னிப்புக் கேட்டு வந்த பிறகே உப்பு கிடைத்தது. “விலை தெரிஞ்சு என்ன பண்றது, கையில காசு இல்லையே” என்று அவர் அன்று சொன்னார். ஐம்பது வயதைக் கடந்த பிறகும் அந்தச் சொற்கள் என்னை விடவில்லை. இன்றைய உரையே அச்சொற்களுக்கு நான் தேடிய விடைதான்.

சட்டம் தந்த கடை வாசல்

கடை வாசலில் நமக்கு ஏற்பட்ட இந்த இழிவை நம் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் பொதுமக்கள் கூடும் இடங்களிலும் எவரும் தடையின்றிச் செல்லலாம் என்பது அதன் கருத்து. பின்னர் 1950-ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். சாதி காரணமாக எந்தக் குடிமகனுக்கும் எந்த இடத்தில் நுழைவதற்குத் தடை இருக்கக் கூடாது என்று சொல்லவரும்போது, அது முதலில் எழுதியிருக்கும் சொல் “கடைகள்” என்பதே. உணவகங்களும் தங்கும் விடுதிகளும் அதன் பின்னரே வருகின்றன. அண்ணல் அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக் குழு உருவாக்கிய சட்டத்தில் கடைக்கு இந்த இடம் கிடைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1955-ஆம் ஆண்டில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976 முதல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்று நடைமுறையில் இருக்கிறது. அதன் 6-ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் நமக்கும் பொருளை விற்க வேண்டும் என்றும், தீண்டாமை காரணமாக மறுப்பது குற்றம் என்றும் கூறுகிறது. அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணைக்குக் கீழே காத்து நின்றது அதே நேரமும் அன்று. அதே இடமும் அன்று. நாம் செய்ய வேண்டிய ஒப்பீடு இந்த மூன்றிலிருந்தே தொடங்குகிறது. கடைகளை ஒப்பிடும் பட்டியலில் விலைக்கு முன்னால் நான் ஒரு பத்தியை எழுதச் சொல்வேன்: “இந்தக் கடையில் நம்மை எப்படி நடத்துகிறார்கள்?”

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பயிற்சி

சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே சென்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம்தான் கற்றுத் தர வேண்டும். நான் வரலாறு படித்தவன், கணக்காசிரியன் அல்லன். ஆயினும் பொருளியல் பாடம் நடத்துகையில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது என் வழக்கம். துவரம்பருப்பு, கடலை எண்ணெய், வெங்காயம், துணி சோப்பு, நூறு பக்க நோட்டு ஆகிய ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்க் கடை, திருவையாற்றுக் கடைத்தெரு, நியாயவிலைக் கடை, தஞ்சாவூர் உழவர் சந்தை அல்லது பெரிய அங்காடி, கைப்பேசி வழி விற்பனை ஆகிய ஐந்து இடங்களில் அவற்றின் விலையைக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு வாரம் அவகாசம்.

முதல் முறை பட்டியல்கள் வந்தபோது, மாணவர்கள் எல்லாரும் தஞ்சாவூரே மலிவு என்று எழுதியிருந்தார்கள். “சரி, வெங்காயத்தில் கிலோவுக்கு எட்டு ரூபாய் மிச்சம். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் சுமார் 13 கிலோமீட்டர். போய் வரப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்போது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அப்பா போனால்தான் டிக்கெட். அம்மா போனால் நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லையே” என்றாள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லாமற்போனதை அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். நான் பாராட்டி அமருமுன் அவளே மேலும் சொன்னாள்: “ஆனால் ஐயா, அம்மா போனால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. அதற்கும் ஒரு விலை போட வேண்டும்.” பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் கருத்தை அந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ஆனால் அன்று என்னை உலுக்கியது வேறொரு மாணவனின் நோட்டு. அவன் ஊர்க் கடை விலைகளை மட்டும் எழுதியிருந்தான். மற்ற நான்கு பத்திகளும் வெறுமையாக இருந்தன. சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து நின்று, “வேறு கடை விலையை எழுதி என்ன ஆகப் போகிறது, ஐயா? எங்கள் வீட்டில் வேறு கடைக்குப் போக முடியாது. நோட்டில் பாக்கி இருக்கிறது” என்றான். என் தகப்பனாரின் குரலே நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுவனிடமிருந்து வந்ததாக எனக்குப் பட்டது. அரசியலமைப்பு திறந்து வைத்த வாசலை ஒரு பற்று நோட்டு மூடிவிட்டது. அன்றுமுதல் நான் இந்தப் பாடத்தை விலையிலிருந்து தொடங்குவதில்லை, கடனிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒப்பிடும் முறை

இளைஞர்களே, ஒப்பிடுவதற்கு நான்கு கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: உள்ளே எவ்வளவு இருக்கிறது? பாக்கெட்டின் பருமனைப் பார்க்காதீர்கள். அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் பாருங்கள். பத்து ரூபாய்ப் பாக்கெட் ஆண்டுக்காண்டு அதே பத்து ரூபாயாகவே இருக்கும். உள்ளிருக்கும் கிராம் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு லிட்டர் போலவே தோற்றமளிக்கும் பாக்கெட்டில் 850 கிராமோ 800 கிராமோ அச்சிட்டிருந்தால் அது ஒரு லிட்டர் அன்று. தராசில் நிறுத்துத் தரும் பொருளானால், தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பொருளை வைக்கச் சொல்லுங்கள். கடைத் தராசுக்கு அரசின் முத்திரை வேண்டும் என்பது சட்டம். முள்ளைப் பார்க்க முடியாத இடத்தில் நின்று வாங்கிய காலம் என்னோடு முடியட்டும்.

இரண்டாம் கேள்வி: ஒரு கிலோவுக்கு என்ன விலை? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 50 கிராம் தேயிலைத் தூள் 20 ரூபாய்; 250 கிராம் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோ 400 ரூபாய் ஆகிறது. இரண்டாவது 340 ரூபாய் ஆகிறது. சிறுகச் சிறுக வாங்கும் ஏழை வீடு, ஒரே தேநீருக்குப் பணக்கார வீட்டைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது. ஆனால் பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சிறு உறைகளில் வாங்குவது, பல நேரங்களில் பெரிய புட்டியைவிட மில்லிலிட்டருக்கு மலிவாக இருக்கும். ஆகவே எதையும் நம்பாமல் வகுத்துப் பாருங்கள். இப்போது பாக்கெட்டில் அடைத்த பொருள்களில், அதிகபட்ச சில்லறை விலையோடு கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். அதிகபட்ச விலை என்பது எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் வரி என்று ஒரு பைசா கேட்டாலும் தவறு. அதற்குக் குறைத்துக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

மூன்றாம் கேள்வி: கடைக்குப் போய்வர ஆகும் செலவும் நேரமும் என்ன? இதை அந்த மாணவியே சொல்லிவிட்டாள். ஒரு கிலோ வெங்காயத்துக்காகத் தஞ்சாவூர் போவது பேதைமை. மாதத்துக்கொரு முறை நான்கு குடும்பங்களின் பட்டியலை ஒருவர் எடுத்துச் சென்று வாங்கி வருவது அறிவு. 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தின் நோக்கம், இடைத்தரகர் இன்றி உழவரும் நுகர்வோரும் நேரில் கொள்வதும் கொடுப்பதும் ஆகும். அங்கே அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். வேறெங்கு வாங்கினாலும் அந்தப் பலகை உங்களுக்கு ஓர் அளவுகோல். அதைப் போலவே நியாயவிலைக் கடையையும் இளக்காரமாக எண்ணாதீர்கள். 2011-ஆம் ஆண்டு சூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு விலையில்லா அரிசியும், 2007 முதல் குறைந்த விலையில் பருப்பும் பாமாயிலும் வழங்கும் திட்டங்கள் வந்தபின், அந்தப் பையைத் தூக்கிச் செல்ல வெட்கப்படுவது நாமே நமக்கு விதித்துக்கொள்ளும் அபராதம்.

நான்காம் கேள்வி: எந்த நிபந்தனையில் வாங்குகிறேன்? ரொக்கமா, பற்றா, தவணையா? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடனுக்கும் ஒரு விலை உண்டு

இன்று நம் பிள்ளைகள் முதன்முதலில் வாங்க விரும்பும் பெரிய பொருள் கைப்பேசி. 12,000 ரூபாய் ரொக்க விலையுள்ள கைப்பேசியை, முன்பணம் 2,000 ரூபாய், பிறகு மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் என்று தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14,000 ரூபாய். “2,000 ரூபாய்தானே கூடுதல், வட்டி 20 விழுக்காடுதானே” என்று தோன்றும். அது சரியான கணக்கன்று. நீங்கள் பெற்ற கடன் 10,000 ரூபாய். ஆனால் அதை ஓராண்டு முழுவதும் நீங்கள் வைத்திருக்கவில்லை. மாதந்தோறும் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். ஆறாம் மாதத்துக்குள் ஏறத்தாழப் பாதி அடைந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 விழுக்காடு! கடையில் இதை எவரும் உங்களுக்குச் சொல்வதில்லை. “மாதம் ஆயிரம்தான்” என்று மட்டுமே சொல்வார்கள். அதனினும் கொடியது தண்டல். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தந்து, நாளுக்கு நூறாக நூறு நாளில் பத்தாயிரம் வாங்குகிறவரிடம் ஆண்டு வட்டியைக் கேட்டால் அவருக்கே தெரியாது. கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் நம் மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கடனில்லாக் கஞ்சி கால் வயிறு என்று நம் பாட்டிமார் சொன்னது இதையெல்லாம் பார்த்த பிறகுதான்.

இதைச் சொல்லும்போது ஊர்க் கடைக்காரர் எல்லாரும் கொடியவர் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அந்தச் சிறுவனின் நோட்டைப் பார்த்த பிறகு, அவன் பெற்றோரின் இசைவோடு அந்தக் கடைக்காரரிடம் சென்று பேசினேன். அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவராகவே இருந்தார். ஊரில் நாற்பது நோட்டுகள் வைத்திருந்தார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலையின்றி நாம் முடங்கியபோது, அரிசியும் பருப்பும் நம்பிக் கொடுத்தவர் அவர். அவர் கொடுப்பது ஓர் உதவிதான். ஆனால் அந்த உதவிக்கும் விலை உண்டு. அந்த விலை, ஒவ்வொரு பொருளிலும் இரண்டு ரூபாய், மூன்று ரூபாயாகக் கலந்திருக்கிறது. அதோடு வேறு கடைக்குப் போகும் உரிமையையும் நாம் அடகு வைக்கிறோம்.

அந்தக் குடும்பத்தின் பாக்கி 4,600 ரூபாய். சிறுவனே ஒரு தனி நோட்டில் அதை எழுதினான். புதிய பற்று எழுதுவதில்லை, வாரம் ஒரு தொகை கட்டுவது என்று தாயும் தந்தையும் கடைக்காரரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். நடுவே மழைக்காலத்தில் இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. எட்டாம் மாதத்தில் பாக்கி தீர்ந்தது. அந்தக் குடும்பம் இன்றும் பாதிப் பொருள்களை அதே கடையில்தான் வாங்குகிறது, ரொக்கத்துக்கு வாங்குகிறது, எடையைப் பார்த்து வாங்குகிறது. பத்தாம் வகுப்புக்குச் சென்ற அந்த மாணவன், போன ஆண்டின் பட்டியலை எடுத்து வந்து வெறுமையாக இருந்த பத்திகளை நிரப்பிக் காட்டினான். என் ஆசிரியப் பணியில் நான் திருத்திய விடைத்தாள்களில் எனக்கு அதைவிட நிறைவு தந்தது வேறொன்றும் இல்லை.

பிற நாட்டார் கண்ட வழி

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. அமெரிக்காவில் 1865-இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும், தென் மாநிலங்களின் கறுப்பின உழவர்கள் நில உடைமையாளரின் கடையிலோ அவரைச் சார்ந்த கடையிலோ கடனுக்கு வாங்கி, அறுவடைப் பருத்தியால் அதை அடைத்துவந்தார்கள். வெள்ளையர் அனைவருக்கும் கொடுத்த பிறகே அவர்களுக்குப் பொருள் கிடைக்கும். நம் திண்ணைக் கதைதான்! 1890-களில் சியர்ஸ் ரோபக் என்ற நிறுவனம், விலை அச்சிட்ட பெரும் பட்டியலைத் தபாலில் அனுப்பி, தபாலிலேயே பொருளை விற்கத் தொடங்கியது. அச்சிட்ட விலை எல்லாருக்கும் ஒன்றே. முகமும் நிறமும் தெரியாத அந்தக் கடை, கறுப்பின மக்களுக்குப் புதியதொரு விடுதலையைத் தந்ததென்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இன்று உங்கள் கையிலிருக்கும் கைப்பேசிக் கடையும் அத்தகையதே. அது உங்கள் தெருவின் பெயரைக் கேட்பது பொட்டலத்தைக் கொண்டுவருவதற்கு மட்டுமே. அந்த வகையில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் தந்திரங்கள் உண்டு. “இன்னும் பத்து நிமிடம்தான்” என்று அவசரப்படுத்துவதும், நீங்கள் கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அவற்றுள் சில. இத்தகைய ஏமாற்று முறைகளைத் தடுக்க 2023-ஆம் ஆண்டில் நடுவண் அரசு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. வாங்குமுன் ஓர் இரவு தள்ளிப் போடுங்கள், அனுப்பும் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஊர் நிறுவனமானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் மதிப்பு ஐந்து இலட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் முறையிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை தொடங்கினார்கள். கலப்படமில்லாத பொருள், சரியான எடை, கடன் இல்லாத வாணிகம் ஆகியவை அவர்களின் விதிகள். கூட்டுறவு இயக்கத்தின் வித்து அது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை அந்த விதையின் விளைவே. ஏழைகள் தனித்தனியே வாங்கினால் சிறு பாக்கெட். கூடி வாங்கினால் மூட்டை. இதுதான் அவர்கள் கண்ட உண்மை.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே வெள்ளி விழாக் கொண்டாடும் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் படிப்பகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, பத்துப் பொருள்களின் விலையை மூன்று இடங்களில் கேட்டு மாணவர்களே எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு அவர்களே படித்துச் சொல்லட்டும்.

இரண்டு: ஆண்டுதோறும் சூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது நோட்டும் பேனாவும் பையும் தனித்தனியாக வாங்கிக் கடன்படாமல், சங்கத்தின் வழியே பட்டியல் சேர்த்து மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு வாங்குங்கள். மூன்று மொத்தக் கடைகளிலாவது விலைப்பட்டியல் கேட்டு, அதைப் பலகையில் ஒட்டிய பிறகே வாங்குங்கள். நம் கணக்கும் நம்மவர் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

மூன்று: ஒவ்வொரு வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பை எட்டிய பிள்ளை, மகனானாலும் மகளானாலும், வீட்டின் பற்று நோட்டைப் படித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், பெற்றோர்களே! கடனை மறைத்து வளர்த்த பிள்ளை கடனுக்கே கைப்பேசி கேட்கும். கணக்கைக் காட்டி வளர்த்த பிள்ளை, கேட்குமுன் யோசிக்கும்.

தம்பி, தங்கைகளே! அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்காக 2022-ஆம் ஆண்டில் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்காக 2024-ஆம் ஆண்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் ஆயிரம் ரூபாய் உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கில் சேரும் வகையில் அவை அமைந்தன. கல்வி உதவித்தொகையும் அவ்வாறே வருகிறது. உங்கள் தாத்தாவின் கையில் ஆயுள் முழுவதும் ஒரு முறைகூடச் சேராத தொகை, பதினேழு வயதில் உங்கள் கைக்கு வருகிறது. அதை எங்கே செலவிடுவது என்று உங்களுக்கு ஆணையிடப் பண்ணையார் எவரும் இல்லை. ஆனால் தவணை முறையும் தள்ளுபடி விளம்பரமும் அந்த நாற்காலியில் வந்து அமரப் பார்க்கின்றன. ஆடி மாதத்தில் கடைகள் தள்ளுபடி தருவது திருமணம் இல்லாத மாதத்தில் வாணிகம் மந்தமாவதால்தான். நம்மீது கொண்ட அன்பினால் அன்று. எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று முதலில் கேளுங்கள். தேவையற்ற பொருள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் பாதிப் பணம் வீண்தான்.

என் தாயார் அன்று தலைச்சுமையோடு திருவையாற்றுக்குச் சென்றதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அந்தத் துணிவுக்கு அவர் மழைக்காலத்தில் விலை கொடுத்தார். அவரிடம் சட்டமும் இருந்தது. விலையை விசாரித்து அறியும் அறிவும் இருந்தது. இல்லாதவை இரண்டு: கையில் கொஞ்சம் ரொக்கம், பக்கத்தில் நிற்கப் பத்துக் குடும்பங்கள். அந்த இரண்டையும் ஏற்படுத்துவது நம் சங்கத்தால் முடியும். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய சங்கம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்களைக் கடன் இல்லாமல் கடைக்கு அனுப்பட்டும்.

நாளைக் காலையில் நீங்கள் கடைக்குப் போகும்போது ஒரே ஒரு செயலைச் செய்யுங்கள். நிமிர்ந்து நின்று, தராசைப் பாருங்கள். அது சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பொருளைக் கேளுங்கள். நான் பார்க்க முடியாதிருந்ததை நீங்கள் பாருங்கள்.